ஒன்றரை அடி

ஞாயிற்றுக்கிழமை பூட்டு கடைசியாக ஆடப்போகிற வழியனுப்பு ஆட்டம். புதன்கிழமை காலையிலேயே அவனை வீடியோ அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பூட்டு என்பது அவனுடைய பெயர் இல்லை. பதினேழு வருஷம் கால்பந்தில் பின்வரிசையில் நின்று, எதிரணி ஃபார்வர்ட் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறுக்கே போய் நின்று வாங்கிய பட்டம். நிஜப் பெயர் சம்பளக் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. மாமியாரே ஒரு தடவை விருந்தாளிகள் முன்னால் வாய்தவறி “பூட்டு மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீடியோ அறை கேலரிக்கு அடியில் இருந்தது. பழைய பந்தும் கிழிந்த வலையும் போட்டு வைத்திருந்த இடம். மேலே ஜனங்கள் உட்காரும் படிக்கட்டின் அடிப்பக்கம்தான் உள்ளே கூரை. அது படிப்படியாகச் சரிந்து இறங்கும். உயரமான ஆட்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

“தலை பத்திரம் சார்,” என்றாள் வீடியோ அக்கா. கிளப்பில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும். “போன வாரம் கோல்கீப்பர் இடிச்சுக்கிட்டாரு. அம்பது அடி தூரத்துல வர்ற பந்து தெரியுது, அரை அடி தூரத்துல இருக்கற கூரை தெரியல.”

பூட்டு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். வலது முட்டி மடங்கும்போது சத்தம் போட்டது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது அப்படித்தான். உட்காருவதும் எழுந்திருப்பதும் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.

அக்கா அவனுடைய ஆட்டங்களை எல்லாம் வெட்டி ஒட்டி, பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்று செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெரிய திரையில் அதைப் போடப் போகிறார்கள். பதினெட்டு வயதில் கன்னம் ஒட்டிப்போய் நிற்கிற பூட்டு. பெரிய அணியின் சிவப்புச் சட்டையில் ஒன்பது வருஷம். மூக்கில் ரத்தம் வழிய வழிய தலையால் பந்தை வெளியே தள்ளுகிற பூட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன அணிகள், காலி இருக்கைகள். கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்த இந்த ஒரு வருஷம்.

“இன்னும் ஒரு புதையல் இருக்கு சார். அலமாரிக்குப் பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி கிடைச்சுது. பழைய கோச் தண்ணித் தொட்டி மேல ஒரு ஆளை ஏத்தி, முழு மைதானமும் தெரியற மாதிரி எடுத்து வெச்சிருக்காரு. அந்தக் கடைசி ஆட்டம்கூட இருக்கு, அதுக்கப்புறம்தான் உங்களைப் பெரிய டீம் எடுத்தாங்களே, அது.”

பூட்டு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

“அதை யாரும் பாக்கலியா?”

“எங்க பாத்தாங்க? தோத்த மறுநாளே கோச்சை அனுப்பிட்டாங்களாம். டேப்பை உறையிலிருந்தே எடுக்கல.”

அவள் பொத்தானை அழுத்தினாள். மேலிருந்து மைதானம் முழுக்கத் தெரிந்தது. வெயில், மஞ்சளாகிப்போன புல், விரல் அளவுக்கு இருபத்திரண்டு பேர். பதினான்கு வருஷம் கழித்துப் பார்த்தாலும் யார் யார் என்று அவனுக்கு நடையை வைத்தே தெரிந்தது. முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடியே நிற்கிற அந்த நெட்டை ஆள் மைக். அவனுடைய மச்சான்.

பந்து எதிராளியின் காலிலிருந்து கிளம்புகிற நொடியில் பூட்டு, “நிறுத்துங்க,” என்றான்.

படம் நின்றது. பெனால்டி பாக்ஸின் வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரிந்தது. பின்வரிசையின் நான்கு பேரில் மூன்று பேர் அந்தக் கோட்டுக்கு வெளியே, ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றார்கள். நான்காவது ஆளின் வலது கால் மட்டும் கோட்டுக்கு உள்ளே இருந்தது. அதிகம் போனால் ஒன்றரை அடி.

அந்தக் கால் அவனுடையது.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. அடுத்து வருவதைத்தான் காட்ட ஆசைப்பட்டாள். “பாருங்க, எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் ஓடறீங்க. மைக் சார் ரெண்டு கையையும் தூக்கிட்டு, யாரோ துப்பாக்கியைக் காட்டின மாதிரி நிக்கறாரு. இதைப் போட்டா ஜனங்க சிரிப்பாங்க. அவரும் அன்னிக்கு மேடைல பேசறாராமே, உங்க வீட்டம்மா போன்ல சொன்னாங்க.”

“அதைப் போடாதீங்க அக்கா.”

“ஏன் சார்?”

“வேணாம். எனக்கு மட்டும் போன்ல அனுப்பிடுங்க.”

எழுந்திருக்கும்போது கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

* * *

பந்தாட்டம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோல்கீப்பரை விட்டுவிட்டால், தடுக்கிறவர்களில் கடைசி ஆள் எங்கே நிற்கிறானோ அதுதான் எல்லை. பந்தை உதைக்கிற நொடியில் எதிரணி ஃபார்வர்ட் அந்த எல்லையைத் தாண்டி உள்ளே நின்றிருந்தால் ஆஃப்சைடு. கோல் போட்டாலும் செல்லாது. அதனால் பின்வரிசை நான்கு பேரும் சரியான நேரத்தில் ஒன்றாக முன்னே ஏறினால், ஃபார்வர்ட் பின்னால் மாட்டிக்கொள்வான். நான்கு பேர் சேர்ந்து ஒரு இரும்பு பீரோவை நகர்த்துகிற மாதிரி அது. மூன்று பேர் ஒழுங்காகத் தூக்கி, ஒருத்தன் கையை விட்டால் போதும்.

எப்போது ஏறுவது என்று ஒரே ஒருவன்தான் சொல்ல வேண்டும். அவன் “ஏறு” என்றால் ஏற வேண்டும். பக்கத்து ஆள் வருகிறானா என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. கண் பந்தின் மேல், காது அந்தக் குரலின் மேல்.

அந்தக் குரல் மைக்கினுடையது. பட்டமே அதனால்தான் வந்தது. அவன் “ஏறு” என்று சொன்னால் மைதானத்துக்கு வெளியே சைக்கிளில் போகிறவனும் மேட்டில் ஏறுகிற மாதிரி எழுந்து மிதிப்பான் என்று கிண்டல் செய்வார்கள். மைக் பூட்டை விட நான்கு வயது மூத்தவன். பூட்டு கிளப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே, “டேய் புதுசு, நீ ஒண்ணும் யோசிக்க வேணாம். யோசிக்கறதை நான் பாத்துக்கறேன். நான் சொன்னா ஏறு, சொன்னா இறங்கு,” என்றான். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. ஒருவரையொருவர் சும்மா மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மைக்கின் தங்கையைப் பூட்டுக்கே பேசி முடித்தார்கள். அதன்பின் மைக் சொந்தக்காரர்கள் முன்னால் “வாங்க மாப்ள” என்பான், ஆள் இல்லாதபோது “வாடா” என்பான்.

நிச்சயம் ஆகி இரண்டு மாதத்தில் அந்த ஆட்டம் வந்தது. டிரா ஆனாலே போதும், கிளப் முதல் டிவிஷனுக்குப் போய்விடும். பெரிய அணியிலிருந்து ஆள் எடுக்கிறவர் தொப்பி போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மைக்கைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும். காலையில் பஸ்ஸில் வரும்போதே, “மைக்கு, பெரிய எடத்துக்குப் போனதும் எங்களை எல்லாம் யாருன்னு கேப்பே,” என்று பையன்கள் ஓட்டினார்கள். “உங்களை இப்பவே யாருன்னுதான் கேக்கறேன்,” என்றான் மைக்.

எதிரணியில் ஒரு ஃபார்வர்ட், கால் இரண்டும் கத்தரி மாதிரி. முதல் பாதியில் பூட்டு முன்னே ஏறிய நேரத்தில் ஒரு தடவை அவனைச் சுத்தமாகத் தாண்டிப் போய்விட்டான். ஏதோ நல்ல காலம், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதிலிருந்து பூட்டுக்கு ஒரே நினைப்புதான். இன்னொரு தடவை இவன் என்னைத் தாண்டினால் மூன்றாவது வரிசைத் தொப்பி என்ன நினைக்கும்?

எழுபத்தெட்டாவது நிமிஷம். கார்னர் பந்தைத் தலையால் தள்ளி வெளியே அனுப்பினார்கள். மைக் கத்தினான்.

“ஏறு.”

மூன்று பேர் ஏறினார்கள். பூட்டும் ஏறினான். ஆனால் கடைசி எட்டை வைக்கவில்லை. தெரியாமல் நடந்ததில்லை, கால் இடறவும் இல்லை. ஒரு எட்டு பின்னால் நின்றால் ஓட்டத்தில் நாம் கொஞ்சம் முந்திக்கொள்ளலாம், அவன் நம்மைத் தாண்டினதாக இருக்காது என்று ஒரு கணக்கு. அந்த ஒரு நொடியில் அவன் தனக்காக மட்டும் நின்றான்.

பந்து வந்தது. ஃபார்வர்ட் எடுத்தான். ஆஃப்சைடு என்று காட்ட மைக் இரண்டு கையையும் தூக்கி, கோட்டோரம் கொடியோடு நின்ற லைன்ஸ்மேனைப் பார்த்தான். பூட்டும் பழக்கத்தில் கையைத் தூக்கினான். அவன் நின்ற இடத்தால்தான் அது ஆஃப்சைடு இல்லை, அது அவனுக்கே தெரியும். தெரிந்தும் தூக்கினான். அப்புறம்தான் ஓடினான். பின்னால் நின்றதால் அவன் ஒருத்தனால்தான் ஃபார்வர்டை எட்ட முடிந்தது. சறுக்கிப் போய்க் காலை நீட்டினான். விரல் நுனி அளவில் தப்பியது. கோல்.

லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை. அவர் சரியாகத்தான் செய்தார்.

டிவியில் ஒரே ஒரு கேமரா. அது பந்தைத்தான் பார்த்தது. அதில் மைக் கையைத் தூக்கி நிற்பதும், எங்கிருந்தோ பூட்டு ஓடிவந்து சறுக்குவதும் மட்டும்தான் விழுந்தது. மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான். “கடைசி வரை விடாத ஒரே வீரர்” என்று பூட்டைப் பற்றி எழுதினார்கள். மைக்கைப் பற்றி எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

உடை மாற்றும் அறையில் கோச் மைக்கைப் பிடித்துக்கொண்டார். “லேட்டா கூப்பிட்டே. அரை செகண்ட் லேட்டு. ஒரு வருஷ உழைப்பு போச்சு.” மைக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை புழுதி. கோச் போனதும், பக்கத்தில் உட்கார்ந்து காலுறையைச் சுருட்டிக்கொண்டிருந்த பூட்டைப் பார்த்துக் கேட்டான்.

“லேட்டாவாடா கூப்பிட்டேன்?”

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூட்டு காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் லேட்டுதான் மச்சான்.”

* * *

தொப்பி போட்டவர் பத்து நாள் கழித்து வந்தார். பூட்டு வீட்டுக்கு.

அதற்குப் பிறகு பூட்டுக்கு ஏறுமுகம்தான். பெரிய மைதானம், பெரிய விளக்கு, குளிரூட்டிய பஸ். ஐஸ் நிரப்பிய தொட்டியில் இடுப்பளவு உட்கார்ந்து பல் கிடுகிடுக்கக் கற்றுக்கொண்டான். கணுக்காலில் டேப் சுற்றாமல் நடந்தால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் முந்நூறு ஆட்டம். ஆனால் ஒரு ஆட்டத்திலும் அவன் வரிசையைக் கூப்பிட்டதில்லை. கேப்டன் பட்டையைக் கொடுத்தபோதுகூட, “வேற யாராவது கூப்பிடட்டும், நான் கேட்டு நடக்கறேன்,” என்றான். அடக்கமான பையன் என்று அதற்கும் நல்ல பெயர் வாங்கினான்.

மைக் அந்த உடை மாற்றும் அறையிலிருந்தே கீழே இறங்க ஆரம்பித்தான். அடுத்த சீசனில் “ஏறு” என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தயக்கம் வந்தது. நிஜமாகவே அரை செகண்ட். அப்புறம் அவன் சொல்வது பக்கத்து ஆளுக்கே கேட்கவில்லை என்று கோல்கீப்பர் புகார் சொன்னான். மூன்றாம் டிவிஷன், அப்புறம் கம்பெனி டீம், முப்பது வயதில் அதுவும் நின்றது. பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. ஓடி வருகிற பஸ்களைக் கழுவி, வரிசையாக நிறுத்த வைக்கிற பொறுப்பு.

அங்கே அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற டிப்போக்களில் பஸ் பின்னால் வரும்போது “வா, வா, நில்லு” என்று கத்துவார்கள். மைக் கத்த மாட்டான். பஸ்ஸோடு கூடவே நடந்து, தகரத்தில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். டிரைவர்கள் அவனுக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். இதைச் சொல்லிக் குடும்ப விசேஷங்களில் எல்லோரும் சிரிப்பார்கள். பூட்டும் சிரித்திருக்கிறான். ஒரு காலத்தில் மைக், இப்போது மௌனசாமியா என்று அவனே ஒரு தடவை எடுத்துக்கொடுத்திருக்கிறான்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தபோதுதான், அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு உறைத்தது.

மனைவி அழைப்பிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். “அண்ணன் ஒருவழியா ஒத்துக்கிட்டாருங்க. மேடைல ரெண்டு நிமிஷம் பேசறேன்னுட்டாரு. முதல்ல முடியவே முடியாதுன்னாரு. நான் விடல.”

“எதுக்கு அவரைத் தொந்தரவு பண்றே?”

“தொந்தரவா? உங்களை வளத்து விட்டது அவருதானே. நாலு பேரு முன்னாடி அவரும் ஒரு தடவை நிக்கட்டுமே.” அவள் அழைப்பிதழ் அடுக்கு மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கச் செருப்புப் பெட்டியை மேலே வைத்தாள். “என்ன பேசறதுன்னு அண்ணி கிட்ட எழுதி வாங்கியிருக்காராம். ‘அன்னிக்கு நான் தப்பு பண்ணினேன், என் மாப்ளதான் காப்பாத்தப் பாத்தாரு’ன்னு ஆரம்பிக்கப் போறாராம். எனக்கே கேக்கறப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

பூட்டு எழுந்தான். முட்டி சத்தம் போட்டது.

“எங்க கிளம்பிட்டீங்க? சாப்பிடலியா?”

“டிப்போ வரைக்கும் போயிட்டு வர்றேன்.”

* * *

வழியில் காரை ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். முதல் தடவை முழுசாகச் சொன்னான். தெரிந்தேதான் நின்றேன் மச்சான். நீ கேட்டபோது தெரிந்தேதான் பொய் சொன்னேன். சிக்னலில் நின்றபோது அதையே இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தான். எனக்கே தெரியாது மச்சான், இன்றைக்கு வீடியோவில் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டாவது வாய்க்குச் சுலபமாக வந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

டிப்போ வாசலில் காவலாளி அடையாளம் கண்டுகொண்டு சல்யூட் வைத்தார். “மௌனசாமி உள்ளதான் இருக்காரு. சத்தம் வராது, போய்த்தான் தேடணும்.”

மைக் கழுவும் கொட்டகையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு பஸ்ஸின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. இரண்டு மெக்கானிக்குகள் நின்றதால், “வாங்க மாப்ள, வாங்க,” என்று நிமிர்ந்தான். அவர்கள் நகர்ந்ததும், “என்னடா, திடீர்னு? தங்கச்சி அனுப்பினாளா? பேச மாட்டேன்னு நான் மறுபடி சொல்லிடுவேனோன்னு பயமா?”

“இல்ல மச்சான். உனக்கு ஒண்ணு காட்டணும்.”

“அழைப்பிதழா? அதை உன் பொண்டாட்டி நாலு தடவை அனுப்பிட்டா. கடைசியா அனுப்பினதுல வண்டி எங்க நிறுத்தணும்னு படமே போட்டிருக்கா. பஸ் நிறுத்தறவனுக்கே படம்.”

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, இருவரும் ஓரத்தில் கிடந்த பழைய பஸ் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பூட்டு போனை எடுத்து நீட்டினான்.

வீடியோ ஓடியது. மைக் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்தான்.

“எங்கேருந்து எடுத்தது இது? தண்ணித் தொட்டியா?”

“ஆமா.”

“அந்தக் கோச்சுக்குக் கிறுக்கு,” என்றான் மைக். அப்புறம் பேச்சு நின்றது. பந்து கிளம்புகிற நொடியில் பூட்டு கையை நீட்டித் திரையைத் தொட்டு நிறுத்தினான்.

மைக் கோட்டைப் பார்த்தான். கோட்டுக்கு உள்ளே இருந்த காலைப் பார்த்தான்.

“யாருடா இது?”

“நான்தான்.”

கொட்டகைக்கு வெளியே ஒரு பஸ்ஸின் என்ஜின் அணைந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“திரும்பப் போடு,” என்றான் மைக்.

போட்டான். மறுபடியும் போடச் சொன்னான். நான்காவது தடவை பார்க்கும்போதுதான் பூட்டுக்குப் புரிந்தது. மைக் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதில், வாயைத் திறந்தபடி, கையை முன்னால் வீசிக்கொண்டு ஏறுகிற தன்னை. படத்தில் சத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது மைக்கின் உதடு மட்டும் அசைந்தது.

“பந்து அவன் கால்லேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே நான் ஏறிட்டேன்ல?”

“ஆமா மச்சான்.”

“லேட்டு இல்ல.”

“இல்ல.”

மைக் போனை மடியில் வைத்துக்கொண்டான். “அன்னிக்கு நான் உன்கிட்ட கேட்டேன்டா. ஞாபகம் இருக்கா? கோச் சொன்னதை நான் நம்பல. அந்த ஆளு எல்லாத்துக்கும் யாரையாவது திட்டுவாரு. பேப்பர்ல எழுதினதையும் நம்பல. எழுதினவன் ஆட்டத்துக்கே வரலைன்னு எனக்குத் தெரியும். நீ சொன்னே. நீ பக்கத்துல நின்னவன். அதனாலதான் நம்பினேன்.”

பூட்டு ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்புறம் எந்த ஆட்டத்துல வாயைத் திறந்தாலும், லேட்டோ, லேட்டோன்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் கேப்பான். அவனுக்குப் பதில் சொல்லிட்டு நான் கூப்பிடறதுக்குள்ள நிஜமாவே லேட்டாயிடும். இங்ககூட அப்படித்தான். பெரிய வண்டி, பின்னாடி ஆளு நிப்பான். வாயால சொல்லி லேட்டாயிட்டா என்ன ஆகும்? கை பொய் சொல்லாது.” அவன் பூட்டைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கோபம் இருந்திருந்தால் பூட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “உனக்குத் தெரியுமாடா? அன்னிக்கு என்கிட்ட சொன்னப்ப, பின்னாடி நின்னது நீதான்னு உனக்குத் தெரியுமா?”

இதற்காகத்தான் அவன் வந்தான். சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. மைக் காத்திருந்தான். அந்த முகத்தில் பயம் இருந்தது. தெரியும் என்று சொல்லிவிடுவானோ என்கிற பயம். பதினான்கு வருஷம், தங்கை, வீடு, விசேஷம், எல்லாவற்றையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறவனின் முகம்.

பூட்டு வாயைத் திறந்தான்.

“தெரியாது மச்சான். இன்னிக்கு வீடியோல பாத்தப்பதான் தெரிஞ்சுது.”

மைக் மூச்சை விட்டான். தோள் இரண்டும் இறங்கின.

“அதானே,” என்றான். “ஏறும்போது எவன் பக்கத்துல பாப்பான்? நீயும் வரிசையில நிக்கறதாத்தான் நெனச்சிருப்பே. சின்னப் பையன்டா நீ அப்ப.” பூட்டின் முதுகில் ஈரக் கையால் ஒரு அடி வைத்தான். “இதைப் பாத்ததும் சாப்பிடாமகூட ஓடி வந்திருக்கே பாரு. வேற எவனா இருந்தாலும் கமுக்கமா அழிச்சிருப்பான். இதை எனக்கும் அனுப்பு. என் வீட்டுக்காரிக்குக் காட்டணும். பதினாலு வருஷமா என் புலம்பலைக் கேட்டவ.”

“அனுப்பறேன்.”

“ஞாயித்துக்கிழமைக்கு வேற பேச்சு எழுதணும்டா. தப்பு பண்ணினேன்னு ஆரம்பிக்கறதா இருந்துச்சு. இப்ப என்னன்னு ஆரம்பிக்கறது?” யோசித்தான். “என் மாப்ள நேர்மையானவருன்னு ஆரம்பிக்கறேன். மிச்சம் தானா வரும்.”

பூட்டு ஏதோ சொல்லப் பார்த்தான். இல்லை மச்சான், என்று மட்டும் வந்தது.

“என்ன இல்ல? மேடைல நீ கூச்சப்படுவே, தெரியும். சும்மா நில்லு. பேசறதை நான் பாத்துக்கறேன்.”

வாசலில் ஹாரன் அடித்தது. மத்தியான வண்டி ஒன்று உள்ளே திரும்பி, பின்பக்கமாகக் கொட்டகைக்கு வர ஆரம்பித்தது. மைக் எழுந்து ஓடினான். பூட்டு காரை நோக்கி நடந்தான். முட்டி ஒவ்வொரு எட்டுக்கும் சத்தம் போட்டது. முதுகுக்குப் பின்னால் தகரத்தில் கை விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தான். விழவில்லை.

“வா. வா. வா. இன்னும் வா.”

அந்தக் குரலைக் கேட்டுக் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மெக்கானிக் ஒருவன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“நில்லு.”

பஸ் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “யாருய்யா அது கத்தினது? மௌனசாமியா?” டிப்போ முழுக்கச் சிரித்தார்கள். மைக்கும் சிரித்தான். பஸ்ஸின் பின்சக்கரம் மஞ்சள் கோட்டின் மேல் அச்சாக நின்றிருந்தது. அவன் பூட்டைத் தேடிப் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான்.

பூட்டும் கையைத் தூக்கினான். அன்றைக்கும் இப்படித்தான் தூக்கியிருந்தான்.